பறவைப் படமும் தட்டச்சு விரலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பறவைகளைப் படமெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த யோசனைகளில் பாதிக்குமேல் லென்ஸ் புராணம்தான். 400 மில்லிமீட்டர் போதாது, தூரத்துப் பறவையை இன்னும் பெரிதாகக் காட்டும் 600 வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கையில் இருக்கும் கேமராவின் பொத்தான்களை நம் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

நான் 30 ஆண்டுகள் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். மாணவர்கள் குனிந்து விசைகளைப் பார்த்தால், அவர்கள் கைகளுக்குமேல் ஓர் அட்டையை நீட்டி மறைத்துவிடுவேன். கண் தாளில் இருக்கட்டும், விசை எங்கே என்று விரலுக்குத் தெரியட்டும் என்பேன். இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், ஓய்வுபெற்றபின் கேமராவை எடுத்ததும் குனிந்து பார்க்கிற முதல் நாள் மாணவியாகிவிட்டேன்.

குளத்தில் நட்டிருந்த ஒரு கம்பின்மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/320 விநாடி; ஒரே புள்ளியில் மட்டும் கூர்மை பிடிக்கும் ஒற்றைப்புள்ளி ஃபோகஸ். ஆடாத பறவைக்கு அது போதும். நிதானமாகப் பத்துப் படம் எடுத்தேன். திடீரென்று அது தலையை மேலும் கீழும் ஆட்டியது, தண்ணீரை உற்றுப் பார்த்தது, உடம்பை ஒடுக்கிக்கொண்டது. பாயப்போகிறது! வேகத்தை 1/2500க்கு ஏற்ற வேண்டும், ஃபோகஸ் பகுதியை அகலமாக்க வேண்டும், அழுத்தினால் ஒரு படம் என்பதை மாற்றித் தொடர் படங்கள் என்று வைக்க வேண்டும். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி மெனுவைத் திறந்தேன். 'தொபுக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் கம்பு காலி. தண்ணீரில் வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. 600 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்திருந்தால் அந்த வட்டங்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அன்று இரவே கேமராவோடு வந்த கையேட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். பல கேமராக்களின் மேல் டயலில் சி1, சி2 என்றோ யூ1, யூ2 என்றோ இடங்கள் உண்டு. நமக்கு வேண்டிய அமைப்புகளை மொத்தமாக அங்கே சேமித்து வைக்கலாம். என் சி1 அமர்ந்திருக்கும் பறவைக்கு. சி2 பறக்கும் பறவைக்கு. சி1இல் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருக்கிறேன். பெரும்பாலான கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவதால், வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து கோணலாக விழும். ஆகவே சி2இல் திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டர். இப்போது மூன்று மாற்றங்களுக்குப் பதில் டயலில் ஒரே ஒரு 'கிளிக்'. கண் வியூஃபைண்டர் என்கிற பார்வைத் துளையை விட்டு நகர வேண்டியதில்லை.

இரண்டிலும் ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சரும் (லென்ஸின் திறப்பளவு) என் கையில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) மட்டும் தானியங்கி. வெளிச்சம் மாறினால் கேமராவே சமாளித்துக்கொள்ளும். ஆனால் கொக்கு விஷயத்தில் ஏமாந்துபோகும். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கொக்கை வெளிறடித்துவிடும். வெளிர்வானத்தில் பருந்து என்றால் நேர்மாறு, வெறும் கரிநிழல்தான் மிஞ்சும். கொக்குக்கு ஒரு படி குறைத்தும் பருந்துக்கு ஒரு படிக்குமேல் கூட்டியும் வைக்க, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தை ஆள்காட்டி விரலுக்கு எட்டும் டயலில் போட்டுவிட்டேன். சில பழைய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக வைத்தால் இந்தத் திருத்தம் வேலை செய்யாது. வாங்குகிறவர்கள் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கட்டைவிரல். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம் என்பதுதான் வழக்கம். ஃபோகஸ் வேலையைப் பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்குக் கொடுத்துவிடலாம். இது நேற்று முளைத்த வித்தையல்ல; 1989இல் கேனான் வெளியிட்ட இ.ஓ.எஸ். 630 ஃபிலிம் கேமராவிலேயே இந்த வசதி இருந்தது. பறவைக்கும் நமக்கும் நடுவே நாணல் ஆடி வந்தால் கட்டைவிரலை எடுத்துவிடுவேன். ஃபோகஸ் நாணலுக்குத் தாவாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போதைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடிப்பதால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். வெட்டவெளியில் சரி. புதருக்குள் ஒரு சின்னஞ்சிறு தையல்சிட்டு இருந்தால், என் கேமரா ஏதோ ஓர் இலையைக் கண் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு பொத்தானில் கண் கண்டறிதல், பக்கத்துப் பொத்தானில் ஒற்றைப்புள்ளி. இலையைப் பிடித்தால் கட்டைவிரல் அரை அங்குலம் நகர்கிறது, அவ்வளவே.

கணினி விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் சிறு மேடு இருக்கும். விரல் தன் வீட்டைக் கண்டுகொள்வதற்கு. என் கேமராவில் இரண்டு பொத்தான்களும் ஒரே வழவழப்பு. ஒன்றின்மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்துக் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு துளி வைத்தேன். கடுகளவு மேடு. இந்த எல்லா மாற்றங்களிலும் எனக்கு அதிகம் உதவியது அந்தக் கடுகுதான்.

இடறியதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை குடும்பப் படம் எடுக்கத் தம்பி மகளிடம் கேமராவைக் கொடுத்தேன். எடுத்த 14 படங்களும் மங்கல். ஷட்டர் பொத்தான் ஃபோகஸ் செய்யாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தவறு என்னுடையது, திட்டு வாங்கியது அவள். இப்போது பிறரிடம் கொடுக்கும்முன் டயலை முழுத் தானியங்கிக்குத் திருப்பிவிடுகிறேன்.

இன்னொரு பொறி: சி2இல் நின்றுகொண்டு செய்யும் திருத்தங்கள், கேமரா தூங்கி விழித்ததும் என்னுடையதில் அழிந்துவிடும், சேமித்தபடி பழைய நிலைக்கே திரும்பிவிடும். கொக்குக்காக ஒரு படி குறைத்துவைத்து அரைமணி நேரம் காத்திருந்தேன். அது பறந்தபோது கேமரா விழித்துக்கொண்டது. படமெல்லாம் வெள்ளை வெளேர். மாற்றங்களைத் தானாகச் சேமிக்கும் வசதி மெனுவின் ஒரு மூலையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாக் கேமராக்களிலும் இருக்குமா என்று அவரவர் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குக் காக்கை போதும். அலுத்துக்கொள்ளாமல் வரும், யாருக்கும் அஞ்சாது, அதன் கருமையில் எக்ஸ்போஷர் பாடமும் கிடைக்கும். மாலையில் லென்ஸை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, சி1, சி2, கட்டைவிரல், திருத்தம் என்று பத்து நிமிடம் விரலோட்டம் செய்வேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தட்டச்சில் முதல் பாடமாக 'ஏஎஸ்டிஎஃப்' விசைகளை அடித்தபோதும் சிரித்தவர்கள் உண்டு.

அந்த மீன்கொத்தி நீரிலிருந்து எழும் படம் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அலகில் மீன் இல்லை. அன்று அதுவும் தவறவிட்டிருந்தது.

உங்கள் இணைப்பிதழில் ஒவ்வொரு படத்தின் கீழும் லென்ஸ், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் அச்சிடுகிறீர்கள். அடுத்த முறை படமெடுத்தவரிடம், அந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் எந்தப் பொத்தானில் இருந்தது என்றும் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை ஒருவர்