கேதார் பள்ளத்தாக்கில் இருக்கும் மகனுக்கு

சூலூர்
7-9-2025

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்றுதான் பதிலாக வருகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். ஏர்ஃபோர்ஸில் இருந்த இருபது வருஷமும் உன் அம்மாவுக்கு இன்லாண்டில் எழுதிப் பழகியவன். எழுதினால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். போனில் நான் பேசினால் எங்கே போய் முடிகிறது என்று உனக்கே தெரியும்.

மழை முடிந்து இந்த மாதம் கேதார்நாத்துக்கு மறுபடி ஹெலிகாப்டர் விடப்போகிறார்களாம். நீ ஃபாட்டா ஹெலிபேடுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாயா, இன்னும் டேராடூனில்தான் இருக்கிறாயா என்பதுகூட இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 5-ம் தேதி தவணை ஏறிவிட்டதாக பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்தது. மகன் நல்லபடி இருக்கிறான் என்று எனக்கு மாதாமாதம் தகவல் சொல்வது அந்த மெசேஜ்தான்.

அம்மிணி வீட்டுப் புதுமனைக்கு நீ வராததைப் பற்றி எழுதக் கூடாது என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை. மாமன் சீரை உன் சித்தப்பா மகன் எடுத்து வைத்தான். அவ்வளவுதான்.

கண்ணு, பள்ளத்தாக்கை மேகம் அடைத்திருந்தால் கிளம்பாதே. கிளம்பிய பிறகு அடைத்தால் திரும்பிவிடு. இரண்டாயிரம் மணி நேரத்துக்குமேல் பறந்தவனுக்கு, பைலட் சீட்டில் ஒரு நாள்கூட உட்காராத ஃபிட்டர் என்ன சொல்லித்தருவது என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனாலும் சொல்வேன்.

இந்த வருஷம் மே 8-ல் தொடங்கி ஜூன் 15-க்குள் உன் மலைப் பக்கம் ஐந்து ஹெலிகாப்டர் சம்பவம். ஒவ்வொன்றையும் பேப்பரில் வெட்டி என் பழைய டூல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உத்தரகாசி கங்னானியில் ஆறு பேர் போனார்கள். பைலட் நெடுஞ்சாலையில் இறக்கப் பார்த்திருக்கிறார். சாலையை ஒட்டிப் போன கேபிளில், மேலே சுற்றுகிற ரெக்கையான மெயின் ரோட்டார் தட்டியதாக முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. இறங்க இடம் தேடுகிற கண்ணுக்குக் கம்பி தெரியாது. மலையும் கம்பியும் ஒரே நிறம். கம்பத்தைத் தேடு. கம்பம் இருந்தால் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள், கண்ணில் படாவிட்டாலும்.

ஹெலிகாப்டர் விழுந்தது என்றால் நம் ஊரில் முதல் கேள்வி, "இஞ்சின் நின்னுபோச்சா?" என்பதுதான். இஞ்சின் ஃபிட்டரான என்னிடமே கேட்பார்கள். குன்னூரில் 2021 டிசம்பர் 8-ம் தேதி ஜெனரல் பிபின் ராவத் போன எம்ஐ-17 விழுந்தபோது பால்காரர் முதல் பக்கத்து வீட்டு டீச்சர் வரை என்னைத்தான் கேட்டார்கள். நம் சூலூரிலிருந்து கிளம்பியது. உன் அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தை வைத்தே "உங்க ஊட்டு வண்டி போகுது" என்று கீழே குரல் கொடுத்தாள். பதினான்கு பேர். விசாரணையில் இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியம் இல்லை என்றார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போய்விட்டது, பைலட்டுக்குத் திசை தப்பிவிட்டது. இஞ்சின் இரண்டும் ஓடிக்கொண்டே மலையில் மோதியிருக்கிறது. அது இரண்டு இஞ்சின், இரண்டு பைலட், ஏர்ஃபோர்ஸின் பெரிய வண்டி. உன் பெல் 407-ல் இஞ்சினும் ஒன்று, நீயும் ஒருத்தன்.

இலினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ல் செய்த சோதனையை நீதான் எனக்குச் சொன்னாய், படிக்கிற காலத்தில். கருவிகளை வைத்து ஓட்டிப் பழகாத இருபது பேரை விமானத்தில் ஏற்றி, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டார்கள். சராசரியாக 178 விநாடியில் எல்லாருக்கும் வண்டி கையை விட்டுப் போயிற்று. "விமானமாவது கையை விட்டா கொஞ்ச நேரம் நேரா நிக்கும்ப்பா, எங்க வண்டி அதுவும் நிக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. என் மகன் எவ்வளவு படித்திருக்கிறான் என்று போஸ்ட் ஆபீஸில் போய்ச் சொன்னேன். இப்போது ராத்திரி விழிப்பு வந்தால் அந்த 178-ஐத்தான் எண்ணுகிறேன்.

கேதார்நாத் கோயில் இருப்பது 3,583 மீட்டரில். அங்கே காற்று மெல்லிசு. இஞ்சினுக்கும் இழுவை குறையும், ரெக்கைக்கும் பிடி குறையும். வெயில் ஏற ஏற இன்னும் மோசம். பாரம் ஏற்றிக்கொண்டு பின்காற்றில் இறங்கப் பார்த்தால் மெயின் ரோட்டாருக்கு முன்னால் மூக்கைத் திரும்பாமல் பிடித்து வைக்கிற வால் ரெக்கை, டெயில் ரோட்டார்தான் கைவிடும். எங்கள் ஏர்ஃபோர்ஸ் சேத்தக் ஹெலிகாப்டரில் ரெக்கை கடிகாரச் சுற்று, வலது பெடல் கடைசிவரை மிதித்துத் தீர்ந்துபோகும். உன் பெல்லில் எதிர்ச்சுற்று, இடது. பெடல் தீர்ந்த பிறகு மூக்கு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். முன்னால் போகும் வேகம் குறைந்து, கீழே போவது மட்டும் அதிகமானால் வண்டி தன் காற்றுக்குள்ளேயே தான் மூழ்கும். இதெல்லாம் உனக்குப் பாடம். பயணிகளின் பையைத் தூக்கிப் பார்க்கிறீர்களா, அவர்கள் சொல்கிற எடையையே எழுதிக்கொள்கிறீர்களா? நான் கேட்பது அதைத்தான்.

ஆனால் மேகத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். 2022 அக்டோபர் 18, கேதார்நாத் பக்கம் கருட் சட்டியில் விழுந்தது. இதே 407. பைலட்டோடு ஏழு பேர், அதில் மூன்று பேர் நம் சென்னையிலிருந்து போனவர்கள். இந்த ஜூன் 15, கௌரிகுண்ட் பக்கம். அதுவும் 407, அதுவும் ஏழு பேர், அதில் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று. ஓட்டியவர் ராணுவத்தில் பதினைந்து வருஷத்துக்குமேல் இருந்தவர். விடிகாலை, பத்து நிமிஷப் பயணம். மேகம் திரண்டு பார்வை சரியில்லாதபோதே வண்டி வானில் இருந்திருக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அடைத்திருந்தால் திரும்பிவிடு கண்ணு.

வண்டி பறக்கலாம் என்று ஃபிட்டர் ஒப்புக்கொள்கிற 'ஃபார்ம் 700'-ல் நான் கையெழுத்துப் போட மறுத்த கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வடக்கே ஓரிடத்தில், பனிக்காலத்தில். கியர் பாக்ஸ் எண்ணெயில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கிற மேக்னடிக் பிளக்கைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தேன். வழக்கமாக வருவது மை போல ஒரு பூச்சு, விரலில் தேய்த்தால் காணாமல் போகும். அன்றைக்கு ஒரு சில்லு இருந்தது. நகம் வெட்டினால் விழுமே, அந்த அளவு. விரலை உறுத்தியது. அதிகாரி கத்தினார், மேலே ஆட்கள் காத்திருக்கிறார்கள், இதே வண்டி நேற்றுப் பறந்ததுதானே என்றார். நான் பேனாவைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நின்றேன். பிரித்தபோது பேரிங் உரிய ஆரம்பித்திருந்தது. நீ ஹெலிகாப்டர் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதே அந்தக் கதையைக் கேட்டுத்தான் என்று உன் அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்டவன்தான் ஜூன் 3-ம் தேதி காலையில் உன்னைக் கூப்பிட்டேன். தவணைக்கு இரண்டு நாள் இருந்தது. "ரெண்டு நாளா மேகம் கீழேயே நிக்குதுப்பா, சரியா ஓட்டம் இல்ல" என்றாய். நான் என்ன கேட்டேன்? "மத்தவங்கெல்லாம் பறக்குறாங்களா?" என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பறக்குறாங்கப்பா" என்றாய். வைத்துவிட்டாய். அதற்குப்பிறகு நீ என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து டிவியில் 407, ஏழு பேர் என்று ஓடியது. உன் போன் நான்கு மணி நேரம் எடுக்கவில்லை. உன் அம்மா சாமி ரூமுக்குள் போனவள் வெளியே வரவில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அதிகாரி என்னிடம் சொன்னதும் இதைத்தானே? நேற்றுப் பறந்தது, மற்றவர்கள் பறக்கிறார்கள், மேலே ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் முன்னால் நிற்க என்னால் முடிந்தது. அப்பன் கேட்டால் நீ எப்படி நிற்பாய்? அன்றைக்கு மோசமான வானிலையில் பறந்ததற்காக வேறு இரண்டு பைலட்டுகளின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்ததாகப் பேப்பரில் வந்தது. நான் சொன்ன "மத்தவங்க" அவர்கள்தான் கண்ணு.

இருபது வருஷம் மற்றவர் பெற்ற பிள்ளைகளுக்காகப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தவன், நான் பெற்ற பிள்ளையிடம் தவணையைக் கேட்டேன். மன்னித்துவிடு என்று எழுத வருகிறது. போனில் வராது.

கிணத்தடிப் பூமியை விலை பேசிவிட்டேன். முன்பணம் வாங்கியாயிற்று, ஐப்பசியில் கிரயம். அம்மிணியும் கையெழுத்துப் போடுகிறேன் என்றுவிட்டாள். தாத்தா பூமி என்று நீ சண்டைக்கு வராதே. தென்னை நாலைந்துதான் இன்னும் காய்க்கிறது. பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து நீ ஒரு ரூபாயும் போடவேண்டியதில்லை. அந்த மெசேஜ் எனக்கு வேண்டாம்.

பறக்காத நாளில் கூப்பிடு. "இன்னைக்குப் போகலப்பா" என்று மட்டும் சொல். நான் வேறெதுவும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: உன் அம்மா பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று எழுது. ஊறுகாய் பாட்டில் வேண்டாம், உடையும் என்றேன். டப்பாவில் மாற்றிக்கொண்டிருக்கிறாள்.