பள்ளத்து வெளிச்சம்

அப்புத்தளை, இலங்கை,
2024 ஆகஸ்ட் 22

அன்புள்ள அம்மாயிக்கு,

இதைத் தங்கச்சி சத்தமாகப் படித்துக் காட்டுவாள். நடுவில் எதையாவது விழுங்கினால் திரும்பப் படிக்கச் சொல். இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்றுதான் ஒரு மாதமாகக் கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு வருகிறது. தேயிலைக் கொழுந்துக்கு நல்ல வாசம் ஏறும் காலம் இதுதான் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு உதடு வெடித்ததுதான் மிச்சம்.

போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ நாலு தடவை "ஆங், ஆங்" என்றுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாய். இந்த விஷயத்தை அப்படி விட முடியாது. திங்கட்கிழமை போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, லீவு. அவரைக் கூட்டிக்கொண்டு உன் பழைய தோட்டத்துக்குப் போனேன். அங்கிருந்து கீழே இறங்கி, நாட்டுக்குள் நடந்தே போய் வந்தேன்.

நாடு என்றால் தங்கச்சி தேசம் என்று நினைப்பாள். தேயிலைக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தை நம் ஆட்கள் நாடு என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குச் சொல். பிறந்ததிலிருந்து 1974-ல் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறும்வரை மேலிருந்து பார்த்த ஊரில் நீ ஒருநாளும் கால் வைத்ததில்லை. கோத்தகிரியில் கரண்டு போகும்போதெல்லாம் அந்தக் கதை வரும்: லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்றால் பள்ளத்தில் படிக்கட்டு மாதிரி வயல் தெரியும், ராத்திரியில் வயலுக்கு நடுவே ஒரே ஒரு வெளிச்சம் தெரியும், அது வீடா கோயிலா கொள்ளிவாய்ப் பிசாசா என்று கடைசிவரை தெரியவில்லை என்பாய். சொல்கிறேன், பொறு.

உன் லயம் அப்படியே இருக்கிறது. வாசலில் கொய்யா மரம் என்று நீ சொன்ன அடையாளம்தான் இல்லை. அதனால் எது உன் காம்பரா, எது உன் அறை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குமேல் அங்கே நிற்க எனக்கு மனசு வரவில்லை.

கீழ்மலை முடியும் இடத்தில் ஓர் ஓடை. அதன்மேல் இப்போது சிமெண்டுப் பலகை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் காற்று சட்டென்று நின்றுவிட்டது. அவ்வளவு பள்ளம். காதுக்குள் இரைச்சல் அடங்கிய பிறகுதான் வாய்க்கால் ஓடும் சத்தமே கேட்டது. ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கி, தண்ணீரைத் திருப்பி, மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு இறக்குகிறார்கள். நாங்கள் நடந்ததும் அந்த வாய்க்கால் வரப்பில்தான். வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு ஆச்சிமார் பன்சலைக்கு, புத்த கோயிலுக்கு, போய்க்கொண்டிருந்தார்கள். "கொஹெத யன்னே?" என்று நின்று கேட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். போகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது என்று நீ அடிப்பாயே, இங்கே அதுதான் மரியாதை. சும்மா நடக்கிறோம் என்றார் அவர். சும்மா நடக்கிற ஆட்களைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு.

வயல் இருக்கிறது அம்மாயி, ஆனால் நெல் இல்லை. வடகிழக்கு மழை வரும் பெரும்போகத்தில்தான் நெல். சிறுபோகத்துக்கு அதே வயலில் பாத்தி எழுப்பி உருளைக்கிழங்கு போட்டுவிடுகிறார்கள். கரையோரத்தில் போஞ்சி, கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், கரட். நீ போஞ்சி என்றால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போமே, இங்கே பீன்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசிக்கிறார். நான் இப்போது போஞ்சிதான் சொல்கிறேன். எருமை கட்டி உழுவார்களா என்று கேட்டாய். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடி வைத்த சின்ன உழவு இயந்திரம், லேண்ட்மாஸ்டர் என்கிறார்கள், வரப்போரமாகச் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

ஒரு வயலில் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியுமுன் கெப்பெட்டிபொல சந்தைக்கு லொறி போகவேண்டும், போயா என்று கிழங்கு காத்திருக்குமா? கிண்டுகிறவர்களில் நாலு பேர் நம் பொம்பிளைகள். உன் லயத்தில் இருப்பவர்கள்! தோட்டத்தில் நாள் வேலைக்குப் பேர் போடுவதைவிட நாட்டுக்கு இறங்கினால் கையில் காசு என்றாள் ஓர் அக்கா. மண் கிண்டும் முள்ளுக் கருவியைச் செடியின் தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தி, பிடியைப் பின்னால் அழுத்துகிறாள். மண் வாய் பிளந்து கிழங்கு உருண்டு வருகிறது. முள்ளு கிழங்கில் ஏறினால் அது விலை போகாது. செடி ஏன் மேலே மொட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முன்பே வெட்டிவிட்டால்தான் உள்ளே கிழங்குக்குத் தோல் இறுகுமாம். வயல்காரர், எழுபதைத் தாண்டிய சீயா (தாத்தா) ஒருவர், ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். தோல் உரியவில்லை.

"இவள் இந்தியாவிலிருந்து வந்தவள்" என்று என் வீட்டுக்காரர் சொல்லித் தொலைத்தார். கோத்தகிரியில் நம்மைச் சிலோன்காரங்க என்றார்கள், இங்கே நான் இந்தியாக்காரி, அது பழகிவிட்டது. ஆனால் சீயா உடனே கையிலிருந்த கிழங்கை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்கள் ஊர்க் கிழங்கு கப்பலில் வந்து இறங்கினால் எங்கள் விலை படுத்துவிடுகிறது, தெரியுமா?" என்றார். என்னவோ நானே மூட்டை கட்டி அனுப்பிய மாதிரி! கிண்டிக்கொண்டிருந்த அக்காமார் எல்லாம் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் 2021-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரசாயன உரம் வேண்டாம் என்று அரசாங்கம் திடீரென்று நிறுத்திய வருஷம். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அந்தப் போகம் போனது போனதுதான். கிழங்கு கோழிமுட்டை அளவுக்குக்கூடத் திரளவில்லை என்று விரலைக் குவித்துக் காட்டினார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வீட்டுத் திண்ணையில் சாயத்தண்ணி, பால் இல்லாத தேநீர், கொடுத்தார்கள். கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சீனி இல்லாமல் குடிக்கவேண்டும். நீ கருப்பட்டியைச் சேலை முந்தானையில் வைத்து உடைப்பாயே, இங்கே அந்த அம்மா கத்தியின் பின்பக்கத்தால் தட்டிக் கொடுத்தார்.

அங்கே வைத்துத்தான் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் சீயா எழுந்து போய் வயல் நடுவே கை காட்டினார். நாலு கால் நட்டு, மேலே தகரம் போட்ட பரண். காட்டுப்பன்றிக்குக் காவல். ராத்திரிக்கு ராத்திரி முறை வைத்துப் போய்ப் படுத்து, தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்களாம். கீழே மூட்டிய நெருப்பும் அரிக்கன் லாம்பும்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. பிசாசு இல்லை, பன்றிக் காவல். இப்போது டார்ச்சும் பட்டாசும். பன்றி மட்டும் அதேதான்.

சீயா சின்ன வயதில் அந்தப் பரணில் படுத்தவர். விடியக்காலம் இன்னும் இருட்டாக இருக்கும்போது மேலே தோட்டத்தில் பேரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிட்டுக் கணக்கெடுக்க, தப்பு மேளம் அடிப்பார்களாம். அது கேட்டால் காவல் முடிந்தது, போர்வையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். "அந்த ஆளுக்கு ஒருநாளும் நேரம் தப்பாது. மழைநாளில் சத்தம் மொத்தென்று கேட்கும். நெருப்பில் காய்ச்சாமல் அடிக்கிறான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்" என்றார். அவன் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

உனக்குத் தெரியும். நீ இருந்தபோது உன் தோட்டத்தில் தப்பு அடித்தது யார்? பெயர் ஞாபகம் வந்தால் தங்கச்சியிடம் சொல், அவள் எழுதி அனுப்பட்டும். கிழங்கு மூட்டை வாங்க அடுத்த மாதமும் அங்கே போவோம். சொல்லிவிடுகிறேன்.

மருந்தை வேளைக்கு எடு.

உன் பேத்தி