கோதிக் வங்கிப் பலகைகள்: பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மெல்பர்ன் காலின்ஸ் தெருவும் குவீன் தெருவும் சந்திக்கும் முனையில், பழைய ஐரோப்பியப் பேராலயங்களின் கோதிக் பாணியில் நிற்கும் 'கோதிக் வங்கி'யின் வரலாறு தமிழ்ப் பலகைகளாக நம் மண்டபச் சுவரில் ஏறிவிட்டது. வெள்ளையடிப்பும் விளக்குகளும் முடிந்தன.

செலவு ஏன் எகிறியது என்று கேட்கிறீர்கள். முதல் பலகையை மறுபடி அச்சடித்தோம், அதனால்தான். '1887-இல் கட்டி முடிந்த வங்கி' என்ற தலைப்பின் கீழே, ஒப்பந்தக்காரர் பக்கத்துப் பங்குச்சந்தைக் கட்டடத்தின் படத்தைப் போட்டிருந்தார். நாம் கொடுத்த படம் பலகையின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று அவராகவே மாற்றிவிட்டாராம். இரண்டும் கோதிக், இரண்டும் ஒட்டி நிற்பவை, பின்னாளில் இணைக்கப்பட்டவை, "யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார். வங்கியை வரைந்தவர் வில்லியம் வார்டெல், பங்குச்சந்தையை வரைந்தவர் வில்லியம் பிட். அது 1891-இல்தான் முடிந்தது. பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. வரலாற்றுப் பலகையில் கட்டடமே மாறிப்போனால் நாம் எதற்கு அதை மாட்டுவது? மறு அச்சுக்கும் பில் நீட்டினார். பேசிப் பேசி, தாள் செலவை மட்டும் கொடுத்தோம். வழக்குப் போட்டிருக்கலாம் என்பவர்கள் வக்கீல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

"வங்கிக்கு எதற்குத் திருப்பணி, அது என்ன கோயிலா?" என்றும் ஒருவர் கேட்டார். கோயில் இல்லை, சரி. ஆனால் இதே ஊரின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தை வரைந்தவரும் வார்டெல்தான். 1878-இல் விக்டோரியா அரசு வேலையிலிருந்து நீக்க, சிட்னிக்குப் போய்விட்டவர் அவர். இந்தக் கட்டடத்தைக் கட்டிய இங்கிலீஷ், ஸ்காட்டிஷ் அண்டு ஆஸ்திரேலியன் வங்கியின் தலைமை மேலாளர் ஜார்ஜ் வெர்டனுக்கு கோதிக் என்றால் உயிர்; வார்டெலையே வரைய வைத்தார். 1883-இல் வேலை தொடங்கியது. வெர்டனுக்கு வீடும் அதே கட்டடத்தின் மாடியில்தான். உட்கூரையில் தங்க ரேக்கு ஒட்டிய அந்த வங்கி, 1893 வங்கி நெருக்கடியில் பணம் கொடுப்பதையே நிறுத்தியது. மீண்டு எழுந்து 1970-இல் ஏ.என்.இசட். வங்கியோடு இணைந்தது. இந்தக் கதைக்கு ஒரு சுவர் கொடுத்ததில் குழுவுக்கு வருத்தமே இல்லை.

நன்கொடை தந்த மூத்த உறுப்பினர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர், இளைஞர் அணி, சமையல் குழு, ஏணி பிடித்தவர்கள், பெயர் வேண்டாம் என்ற இருவர், பெயர் போடாவிட்டால் கோபிக்கும் ஒருவர் என எல்லாருக்கும் நன்றி. பெயர்ப்பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம், யாரும் பார்க்கலாம்.

பழைய பலகை கிடங்கில் கிடக்கிறது. தலைப்பை மட்டும் 'பங்குச்சந்தை, 1891' என்று மாற்றி மாட்டலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்.