நிலவு நோட்டு: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன்: நிலவு பகலில் தெரியுமா? பெரும்பாலான பிள்ளைகள் ‘தெரியாது’ என்றார்கள். பிறைகளைப் பற்றிய பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் அவர்கள். எனக்கு மனம் உறுத்தியது. படம் வரைந்து பாகம் குறிக்கக் கற்றுக்கொடுத்த நாங்கள், அண்ணாந்து பார்க்கச் சொல்லவே இல்லை.

வரும் அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் முதல் ஒரு மாதத்துக்கு, பிள்ளைகள் தினமும் நிலவைப் பார்த்து வரைந்து, பார்த்த நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதுவார்கள். முதல் நாள் மாலை, மேற்கே மெல்லிய கீற்றாக அது தெரியும். நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தி வரும். பௌர்ணமி கழிந்து சில நாட்கள் ஆனதும், தூங்கப் போகும் நேரத்தில் கண்ணில் படாது. காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது மேற்கு வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அந்த வியப்பு பிள்ளைக்கே உரியது.

வானம் நம் வாழ்வைத் தொடுகிறதா என்றும் அவர்கள் கேட்பார்கள். நிச்சயம் தொடுகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன. கடல் பொங்கி வடிவதில் பெரும்பங்கு நிலவின் ஈர்ப்புக்கு உண்டு. நம் உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் உடல் கடிகாரம் பகல் வெளிச்சத்தைப் பார்த்தே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. 1989 மார்ச்சில் சூரியனிலிருந்து கிளம்பிய புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தது. ஞாயிறு, திங்கள் என்று நாட்களை எண்ணும்போதே நாம் வானத்தைத்தான் சொல்கிறோம்.

ஆனால் பிறந்த நேரத்துக் கோள்நிலை ஒரு பிள்ளையின் அறிவை முடிவு செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. ‘உனக்குக் கணக்கு வராது, கிரகம் அப்படி’ என்ற சொல் எந்தப் பிள்ளையின் காதிலும் விழக்கூடாது என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

ஒரு கண்டிப்பு: சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போதாது. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம்.

மழை மேகம் மூடிய நாளில் ‘மேகம்’ என்று எழுதினால் போதும். பார்க்காத நாளில் கற்பனையாக வரைய வேண்டாம். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்