கணக்கில் விட்டுப்போன புல்

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நலம். பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் உன் அட்டவணையைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வடிகால் வெட்டிய பீட் நிலத்தில் (பாதி மட்கிய செடிகள் சேர்ந்த சதுப்பு மண்) தீவனப்புல் போட்டால் ஹெக்டேருக்கு வருஷம் 2 டன் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுமா? தலைவர் காதில் விழுந்தால் உனக்குப் பட்டமே கட்டிவிடுவார்.

புல்மேல் பெட்டி கவிழ்த்து வாயுவை அளந்ததில் குறையில்லை. அறுத்து வெளியே போன புல் எங்கேடா? உலர் எடை 8 டன் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதில் 45 சதவீதம் கார்பன் என்றால் 3.6 டன், அதை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44/12ஆல் பெருக்கு, ஏறக்குறைய 13 டன் வாயு. மாடு தின்றதும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பும். ஆக, 2 டன் வரவு போய் 11 டன் செலவு. சாணம் இட்டிருந்தால் அதில் வந்த கார்பனை மட்டும் கழித்துக்கொள். 11 ஒன்றும் அதிர்ச்சியான எண் இல்லை: ஆழமாக வடித்த, சத்துள்ள, மிதவெப்ப மண்டலப் புல்நிலத்துக்கு ஐபிசிசியின் (ஐ.நா.வின் காலநிலைக் குழு) 2013 ஈரநில வழிகாட்டி தருவது சுமார் 22 டன். பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு தனி. அதே வகை நிலத்தில் ஹெக்டேருக்கு வருஷம் 8.2 கிலோ நைட்ரஜன் அந்த வாயுவாகப் போகும் என்கிறார்கள். சூடாக்கும் திறனை வைத்து கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் அது இன்னொரு மூன்றரை டன். பீட் மட்கும்போது தானாகவே நைட்ரஜன் விடும், பிறகு எதற்கு அவ்வளவு யூரியா?

நீர்மட்டத்தை ஏற்றும் யோசனை சரிதான். 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுப்படி, நீர்மட்டம் தரைக்குக் கீழே 30 செ.மீ.க்கு வரும் வரை, ஒவ்வொரு 10 செ.மீ. ஏற்றத்துக்கும் ஹெக்டேருக்கு வருஷம் குறைந்தது 3 டன் மிச்சம். ஆனால் வடிகாலைப் பலகை போட்டு அடைத்து ஒரேயடியாக மூழ்கடித்துவிடாதே. பச்சைப்புல் தண்ணீருக்கடியில் அழுகினால் மீத்தேன் கொட்டும். முதலில் அறுத்து அள்ளு, ஈரம் தாங்கும் தீவனமான ரீட் கேனரி புல்லை விதைத்து வேர் பிடிக்கவிடு, அப்புறம் படிப்படியாக ஏற்று. திமோத்திப் புல் அந்த ஈரத்தைத் தாங்காது. கேனரியைக் கதிர் வருமுன் அறுக்க வேண்டும். தாமதித்தால் வைக்கோல்தான் மிஞ்சும், புரதம் இருக்காது. டிராக்டருக்கு அகல டயர், குறைந்த காற்று. இல்லையென்றால் அச்சு வரை புதையும்.

அளக்கும்போது பெட்டிப் பக்கத்தில் மிதிக்காதே, பலகைப் பாதை போடு. மிதித்தால் குமிழி கிளம்பி மீத்தேன் அளவு திடீரென்று எகிறும். அந்த அளவீட்டை வைத்துக்கொண்டு வாயு வெளியேறும் வேகத்தைக் கணக்கிடாதே. வாய்க்காலிலும் அளவெடு, உன் அட்டவணையில் அதற்கு வரிசையே இல்லை. திருத்தியதை எனக்கு அனுப்பிவிட்டுத்தான் தலைவரிடம் காட்ட வேண்டும், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய தணிக்கைக்காரன்