தள்ளிப்போன ஆட்டத்தின் புள்ளியை எந்த வாரத்தில் சேர்த்தீர்கள்?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: எங்கள் ஆபீஸ் ஃபேன்டசி ஃபுட்பால் லீக், 2024-25 சீசன், தவறான இறுதிப் பட்டியல்

வணக்கம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உங்கள் ஆப்பில் ஆபீஸ் ஆட்களுக்காக பிரைவேட் லீக் நடத்துவது நான்தான். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் நிஜ வீரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு டீம் போடுவோம், அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி. 1,499 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். பணம் வைத்து ஆடும் விஷயம் எதுவும் இதில் கிடையாது, ஜெயிப்பவருக்கு ஒரு கப், கடைசி ஆள் எல்லோருக்கும் பிரியாணி, அவ்வளவுதான். அந்தக் கப்பில் யார் பெயரைப் பொறிப்பது என்று தெரியாமல் இன்னும் என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் உங்கள் கணக்கு.

விஷயம் இதுதான். டிசம்பர் 7ஆம் தேதி எவர்ட்டன்-லிவர்பூல் ஆட்டம் அங்கே இங்கிலாந்தில் அடித்த டாரா புயலால் தள்ளிப்போனது. முந்தின சனிக்கிழமைதான் இங்கே ஃபெஞ்சல் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஊரே மிதந்தது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கம் புகுந்தபோது எங்கள் டெஸ்பாட்ச் தம்பி வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தான், டீமைத் தொடவே இல்லை. கரன்ட் இல்லாமல் நெட் இல்லாமல் டீமை மாற்றுவதற்கான டிசம்பர் 3ஆம் தேதி டெட்லைனைப் பாதிப் பேர் தவறவிட்டோம். அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, புயலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

ஆனால் 7ஆம் தேதி நடந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. எங்கள் ஸ்டோர் கீப்பர் அண்ணன் அன்று லிவர்பூல் வீரர் முகமது சலாவைக் கேப்டனாகவும் செல்சி வீரர் பால்மரை வைஸ் கேப்டனாகவும் வைத்திருந்தார். ஆட்டம் இல்லை என்ற செய்தியை அவர் பார்க்கவில்லை, வீட்டு ஷீட் கூரையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு, அவர் ஆடாவிட்டால் அது வைஸ் கேப்டனுக்கு. சலா ஆடவில்லை என்பதால் அந்த விதிப்படி பால்மரின் புள்ளி இரட்டிப்பானது. மறுநாள் டாட்டன்ஹாமை செல்சி 4-3 என்று ஜெயித்த ஆட்டத்தில் பால்மர் பெனால்டியில் இரண்டு கோல் போட்டார். அண்ணனுக்கு யோகம், சரி, அதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

தள்ளிப்போன ஆட்டம் பிப்ரவரி 12ஆம் தேதி நடந்தது. நமக்கு நள்ளிரவு ஒரு மணி. அந்த கேம்வீக்கில் (புள்ளி கணக்கிடும் ஆட்டச் சுற்றில்) லிவர்பூலுக்கு இரண்டு ஆட்டம் என்று உங்கள் ஆப்பே காட்டியது, அதைப் பார்த்துத்தான் அக்கவுன்ட்ஸ் அக்கா சீசன் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த டிரிபிள் கேப்டனை, அதாவது கேப்டனின் புள்ளியை மூன்று மடங்காக்கும் வாய்ப்பை, எடுத்து சலா மேல் போட்டார். முதல் ஆட்டத்தில் போர்ன்மவுத்துக்கு எதிராக சலா இரண்டு கோல். எவர்ட்டன் ஆட்டத்தில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட், கடைசியில் 98ஆவது நிமிடம் எவர்ட்டனின் டார்கோவ்ஸ்கி அடித்து 2-2 ஆக்கினார். அந்த நேரத்தில் அக்கா கண் விழித்துப் பார்த்துவிட்டுக் காலையில் ஆபீசுக்கு வந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எவர்ட்டன் ஆட்டத்தின் புள்ளியைக் கொண்டுபோய் டிசம்பர் வாரத்தில் சேர்த்திருக்கிறீர்கள்! அக்கா டிசம்பரில் சலாவை பெஞ்சில் உட்கார வைத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் இல்லை. ஸ்டோர் அண்ணனுக்கோ பால்மரின் இரட்டிப்பு அப்படியே இருக்க, சலாவின் இரட்டிப்பும் சேர்ந்துவிட்டது. ஒரே வாரத்தில் ஒரு டீமுக்கு இரண்டு கேப்டன்! ‘தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம் எந்த வாரத்தில் நடக்கிறதோ அந்த வாரக் கணக்கில் சேரும்’ என்று உங்கள் விதிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இன்றும் அது அப்படியே இருக்கிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்.

மிட்ஃபீல்டர் கோலுக்கு 5, அசிஸ்டுக்கு 3. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தாலே அண்ணனுக்கு டிசம்பரில் 16 புள்ளி தவறாக ஏறியிருக்கிறது. பிப்ரவரியில் சலா அவரிடம் கேப்டனாக இல்லை, சாதாரணமாக வரவேண்டிய 8ஐக் கொடுத்தாலும் 8 குறைய வேண்டும். அக்காவுக்கு மூன்று மடங்காக 24 வர வேண்டும். சீசன் முடிவில் அண்ணன் அக்காவை முந்தியது வெறும் 9 புள்ளியில். யார் சாம்பியன் என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

மற்றவர்கள் பாடு வேறு மாதிரி. மூன்றாவது இடம் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு, மலிவாகக் கிடைக்கிறாரே என்று கிறிஸ் வுட்டை வாங்கிப்போட்டாள், அவர் 20 கோல் அடித்துத் தள்ளினார். ஆபீசிலேயே ஃபுட்பால் அதிகம் தெரிந்தவர் மாஹேக்காரர்தான், ஆனால் ஆகஸ்டில் ஹாலண்ட் அடுத்தடுத்து இரண்டு ஹாட்ரிக் அடித்ததில் மயங்கி, மார்ச் கடைசியில் கணுக்காலில் அடிபடும் வரை அவரை விடவே இல்லை. மேனேஜர் சார் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர், அவர்கள் 15ஆவது இடத்தில் முடித்தார்கள், சார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். வெள்ளத்துக்கப்புறம் டீமைத் தொடாத பாகூர் தம்பி கூட சாருக்கு மேலே. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த இடங்களில் யாருக்கும் தகராறு இல்லை, மேலே இருக்கும் இரண்டு பேர் கணக்கில்தான் சிக்கல்.

ஸ்டோர் அண்ணன் "ஆப்புல என் பேருதானே மேல இருக்கு" என்கிறார். அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இப்போது என் வழியாகப் போய் என் வழியாக வருகிறது.

உங்களுக்கு எழுதினால் முதலில் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில். அப்புறம் ஒரு ஆள், "முடிவு செய்யப்பட்ட வாரத்தின் புள்ளிகளை மாற்ற இயலாது" என்றார். டிசம்பரில் முடிவு செய்த வாரத்தைப் பிப்ரவரியில் மாற்றியது யார், நாங்களா?

எவர்ட்டன் ஆட்டத்தின் புள்ளியைப் பிப்ரவரி வாரத்துக்கு மாற்றி, இறுதிப் பட்டியலைத் திருத்திப் போடுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து 1,499 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள். 15 நாளில் இரண்டும் நடக்காவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன், அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவோம். மனுவை அக்கா ஏற்கெனவே டைப் செய்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
லீக் நடத்துபவன்,
மேட்டுப்பாளையம், புதுச்சேரி

இணைப்பு: விதிப் பக்கம், டிசம்பர் மற்றும் பிப்ரவரி வாரப் பட்டியல்கள், சந்தா ரசீது