டிடிஎஸ் மீட்டரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: பெங்களூரு ஏரி, கால்வாய்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். ஏரிக்கு ஒரு குழு, ராஜகால்வாய்க்கு (நகரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) ஒரு குழு என்று இந்த ஊரில் தண்ணீருக்காக ஓடுகிறவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். ஞாயிறு காலையில் கரைக்குப் போய் மீட்டரை முக்கி, டிடிஎஸ் இவ்வளவு, பிஎச் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் டிடிஎஸ் மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும்தான். உப்பு கரைந்திருந்தால் எண் ஏறும். கழிவு அழுகி ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. குடிக்கிற போர்வெல் தண்ணீர் சில இடங்களில் சாக்கடை கலந்த மழைநீரைவிட அதிக எண் காட்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ராத்திரி 2 மணிக்கு டேங்கர் வந்து கழிவைக் கொட்டிவிட்டுப் போனால், ஞாயிறு காலை 7 மணிக்கு நீங்கள் பாட்டிலில் பிடிப்பது வேறு தண்ணீர். கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சி அப்படி நகர்ந்துவிடாது. சில வாரம் முதல் பல மாதம் வரை அதே இடத்தில் மூச்சுவிட்டு, தின்று, தோலுரித்து வளர்கிறது. நடுவில் ஒரே ஒரு ராத்திரி ஆக்சிஜன் அற்றுப்போனாலும் தாங்காத வகைகள் அந்த இடத்தில் இருக்காது. ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஓடும் தண்ணீரின் அடியில் வாழும் பூச்சிகளை, எல்லாக் குழுக்களும் ஒரே முறையில் எடுத்து எண்ணுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1976இல் பிரிட்டனில் அமைத்த ஒரு பணிக்குழு, பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தது. மாசைத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரியல் நீர்த்தர அளவுகோலும் இதே வழியில் வந்ததுதான். மதிப்பெண் சராசரி ஒன்று, பூச்சிகள் எவ்வளவு விதவிதமாக இருக்கின்றன என்று காட்டும் பன்மை எண் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஐந்து வகுப்பு. சுத்தமானதற்கு நீலம், படுமோசத்துக்குச் சிவப்பு. அரசின் அளவுகோலே இருக்கும்போது நாம் தனியாக ஒன்று செய்யத் தேவையில்லை.

முதலில் இடம். ஏரிக்குள் வலை போடாதீர்கள். இந்த மதிப்பெண் ஓடும் நீருக்கு வகுத்தது, தேங்கிய நீருக்குப் பொருந்தாது. ஏரியிலிருந்து தண்ணீர் மறுகால் பாயும் இடத்துக்கு, அதாவது கலங்கலுக்கு (இங்கே கன்னடத்தில் கோடி என்பார்கள்), கீழே எடுக்கலாம். ஆனால் கலங்கலை ஒட்டியே எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அங்கே தண்ணீர் விழுந்து சிதறிக் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. ஏரியின் நுண்பாசி வேறு இரையாக ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அதை வடிகட்டித் தின்னும் கருப்பு ஈயின் லார்வாவும் நீருக்கடியில் வலை பின்னும் கேடிஸ்ஃப்ளைப் பூச்சியின் இளம்பருவமும் அங்கே அப்பிக் கிடக்கும். பார்க்கிறவருக்கு ஏரி நலம் என்று தோன்றும். 100 மீட்டராவது கீழே இறங்குங்கள்.

ஒப்பிட ஒரு நல்ல ஓடையும் வேண்டும். பன்னேர்கட்டா காட்டுக்குள் ஊர்க் கழிவு சேராத ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாக் குழுக்களும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, யானை நடமாட்டம் உள்ள இடம். குடகு, சிக்கமகளூர் மலை ஓடைகளோடு ஒப்பிடுவது அநியாயம். நம் பீடபூமி ஓடைகள் மழைக்கு ஓடிக் கோடையில் வற்றுகிறவை. அங்கே கிடைக்கும் ஸ்டோன்ஃப்ளை (மாசைத் தாங்காத ஓடைப் பூச்சி) இங்கே கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து மாசு என்று எழுதிவிட முடியாது.

காலம்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஒரு தடவை, மார்ச்-ஏப்ரலில் ஒரு தடவை. பெருமழை அடித்துப் போன பிறகு குறைந்தது இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். வெள்ளம் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி இரண்டையும்தான் வாரிக்கொண்டு போகும்.

வலையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொசுவலைத் துணியைத் தைத்துக்கொண்டு வருவார்கள். அதன் கண் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். சின்ன இளம்பூச்சிகள் அதில் நழுவிப்போகும், பெரியவை மட்டும் மாட்டும், பட்டியல் கோணலாகும். 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் வலைத்துணி வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலச் சட்டம், ஒன்றரை மீட்டர் கைப்பிடி, அரை மீட்டர் ஆழப் பை. பை ஆழம் குறைந்தால் தண்ணீர் எதிர்த்து அடித்துப் பிடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

ஓடையில் 30 மீட்டர் நீளத்தைக் குறித்துக்கொண்டு, கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி நடங்கள். மேலிருந்து வந்தால் நீங்கள் கலக்கிய சேறு இனி எடுக்கப்போகும் இடத்தில் போய் விழும். வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் நின்று குதிகாலால் கல்லையும் மணலையும் கிளறுங்கள். கிளறும் நேரம் மட்டும் மொத்தம் 3 நிமிஷம், ஸ்டாப்வாட்ச் வைத்து. கல் பாங்கான வேக நீர், மணல் அடி, கரையோரப் புல், வேர் என்று எது எவ்வளவு பங்கு இருக்கிறதோ அந்தப் பங்கில் நேரத்தைப் பிரியுங்கள். கடைசியில் ஒரு நிமிஷம் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல ஓடையில் கல்லைத் திருப்பினால் தட்டையான ஒரு பூச்சி நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடி மறுபுறம் ஒளியும். ஹெப்டஜெனிடே குடும்பத்து மேஃப்ளை என்ற பூச்சியின், நீரில் வாழும் இளம்பருவம் அது. வலைக்குள் அவ்வளவு லேசில் வராது, கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ராஜகால்வாயில் இந்த வழி நடக்காது. அடி முழுக்கக் கான்கிரீட், கிளறக் கல் இல்லை. கழிவுநீரில் இறங்குவதும் ஆபத்து. எலிக்காய்ச்சல் முதல் மூடிய கால்வாயின் விஷவாயு வரை எல்லாம் உண்டு. அங்கே கரையிலிருந்தே செய்ய ஒரு வழி இருக்கிறது. 40 மில்லிமீட்டர் ஜல்லி 3 கிலோவைக் கழுவி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கட்டி, கம்பியில் பிணைத்து நீரில் இறக்கி நான்கு வாரம் விடுங்கள். பூச்சிகள் தாமாகக் குடியேறும். எடுக்கும்போது வலையைக் கீழே பிடித்துக்கொண்டுதான் பையைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி தண்ணீரோடு போய்விடும். ஓர் இடத்தில் மூன்று பை போடுங்கள். ஒன்று வெள்ளத்தில் போகும், ஒன்றைப் பிளாஸ்டிக் குப்பை மூடிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஜல்லிப்பைக் கணக்கையும் காலால் கிளறி எடுத்த கணக்கையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

பிடித்ததை வெள்ளை ட்ரேயில் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டி ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். அசைந்த பிறகுதான் பல பூச்சிகள் கண்ணுக்கே தெரியும். இங்கேதான் பன்மை எண் கணக்கு வருகிறது, இதற்குப் பெயர் ஒன்றும் தெரிய வேண்டாம். கண்ணை ஓட்டிப் பொறுக்காமல், ட்ரேயின் ஒரு மூலையிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக எடுங்கள். இப்போது எடுத்தது, இதற்கு நேர் முன்னால் எடுத்ததைப்போல இருக்கிறதா, வேறா? வேறு என்றால் ஒரு கோடு, அதேதான் என்றால் கோடு இல்லை. முதல் பூச்சிக்கு எப்போதும் ஒரு கோடு. 100 பூச்சிக்கு 20 கோடு வந்தால் பன்மை எண் 0.20, 70 கோடு வந்தால் 0.70. சிவப்புப் புழுவே திரும்பத் திரும்ப வரும் கால்வாயில் எண் தரையில் கிடக்கும். பெரியதை முதலில் பொறுக்கிவிட்டாலோ, வகைவாரியாகப் பிரித்துவிட்டு எண்ணினாலோ இந்தக் கணக்கு குப்பை. ஆர்வக்கோளாறில் பிரித்து வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது மதிப்பெண். இதற்குக் குடும்பம் வரை அடையாளம் தெரிய வேண்டும். 10 மடங்கு கைலென்ஸ் களத்துக்குப் போதும், சந்தேகத்துக்கு 40 மடங்கு வரை காட்டும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். மேஃப்ளை இளம்பூச்சிக்கு வயிற்றின் இரு பக்கமும் செவுள், பெரும்பாலும் மூன்று வால். ஸ்டோன்ஃப்ளைக்கு இரண்டே வால், காலின் நுனியில் இரண்டு நகம். வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள், கிடுக்கியில் பிடித்தாலே ஒடிந்துவிடும். நகத்தைப் பாருங்கள்: மேஃப்ளைக்கு ஒன்றுதான். ஊசித்தட்டானுக்கு வால்நுனியில் இலைபோல மூன்று செவுள். பெரியவர்கள் விளக்கைச் சுற்றி விழுவதையெல்லாம் ஈசல் என்று சொல்வதால் ஒரு குழப்பம்: ஈசல் கறையான் இனம், மேஃப்ளை வேறு. வளர்ந்த மேஃப்ளை உட்காரும்போது சிறகை மேலே நிமிர்த்தி வைத்திருக்கும்.

ஒரு தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஒரு கற்பனைப் பட்டியல்: பீட்டிடே மேஃப்ளை 4, ஹைட்ரோசைக்கிடே கேடிஸ்ஃப்ளை 5, கருப்பு ஈ 5, சிவப்புப் புழு தரும் கைரோனோமிடே 2, டியூபிஃபெக்ஸ் போன்ற புழு 1, ஃபைசிடே நத்தை 3. மொத்தம் 20, ஆறால் வகுத்தால் 3.33. இதில் பீட்டிடேயை லெப்டோஃப்ளெபிடே என்று மாற்றி எழுதிவிட்டால் 4 இருந்த இடத்தில் 10 வரும். மொத்தம் 26, சராசரி 4.33. ஒரே பூச்சி, ஒரு முழுப் புள்ளி. பீட்டிடே சின்ன மீன்போல விசுக்கென்று நீந்தும், செவுள் பெரும்பாலும் ஒற்றை இதழாக இருக்கும். லெப்டோஃப்ளெபிடே ஊர்ந்துதான் போகும், செவுள் பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். செவுள் உதிர்ந்துபோன உடலுக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுவதே மேல்.

பிரிட்டன் மதிப்பெண்ணை அப்படியே எடுப்பதிலும் ஒரு குறை உண்டு. லிபெல்லுலிடே தட்டானுக்கு அங்கே 8. நம் வெப்பமண்டலத்தில் அந்தக் குடும்பத்துப் பூச்சிகள் பல, அழுக்குக் குளத்திலும் கூசாமல் வளர்கிறவை. தாய்லாந்துக்காக மாற்றிய பட்டியலில் இதைக் குறைத்திருக்கிறார்கள். எந்தப் பட்டியலை எடுத்தாலும் எல்லாக் குழுவும் அதையே எடுங்கள், பெயரை அறிக்கையில் எழுதுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

கரப்பான்போலக் கறுத்த நீர்வண்டையும் முதுகு நீச்சல் பூச்சியையும் பார்த்து யாராவது மகிழ்ந்தால் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: அவை மேலே வந்து காற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவை. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அவற்றுக்குக் கவலையில்லை. எலிவால் புழுவுக்கோ மூச்சுக்குழாயே வாலாக நீள்கிறது. சிவப்புப் புழுவின் சிவப்பு நம் ரத்தத்திலுள்ள அதே ஹீமோகுளோபின் வகைதான். கொஞ்சம் இருக்கும் ஆக்சிஜனையும் அது பிடித்துக்கொள்ளும். மீன் கடையில் இரைக்கு விற்கும் பிளட் வார்ம் இதுதான்.

சேமிப்பு: எத்தனால் கிடைப்பது கலால் அனுமதியால் சிக்கல். குடும்பம் வரை பார்க்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ஃபார்மலின் வேண்டாம். பாட்டிலில் பாதிக்கு மேல் பூச்சியும் குப்பையும் நிரப்பாதீர்கள். அவற்றின் ஈரமே ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும், இரண்டு நாளில் அழுகல் நாற்றம் வரும். மறுநாள் ஒரு தடவை ஆல்கஹாலை மாற்றுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும். வலையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகுமுன் உள்புறம் வெளியே வரத் திருப்பி அலசுங்கள். நல்ல ஓடையில் மடிப்பில் ஒட்டிய ஒரு பூச்சி, கழிவு சேரும் வர்த்தூர் ஏரிப் பக்கம் வந்துவிட்டால் வர்த்தூருக்கே 10 மதிப்பெண்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பீர்கள். பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகப் போகும் தண்ணீர் தட்சிண பினாகினியில் சேர்ந்து ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. நமக்கு அது தென்பெண்ணை, கடலூரில் கடல் சேர்கிறது. அணையில் நுரை வந்ததும் கர்நாடகமா தமிழகமா என்று சண்டை தொடங்கும். இரு பக்கமும் பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு அன்றைக்குக் கிடைத்த எண்ணைச் சொல்லும். ஓசூர் பக்கத்து நண்பர்களும் இதே வலை, இதே 3 நிமிஷம், இதே பட்டியல் என்று செய்தால், ஆற்றின் எந்த இடத்தில் மேஃப்ளை நின்றுபோகிறது, எங்கே திரும்பத் தலைகாட்டுகிறது என்று வரைபடத்திலேயே காட்டலாம். அதற்காகப் பிடித்த பாட்டில்களை ஐந்து வருஷமாவது வைத்திருங்கள். பத்தில் ஒரு பாட்டிலை இன்னொரு குழு மறுபடி பார்த்துச் சரிபார்க்கட்டும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

வரும் ஜனவரியில் முதல் சுற்றைத் தொடங்கலாம் என்பது எங்கள் யோசனை. ஜல்லிப்பையை டிசம்பர் கடைசி வாரத்திலேயே இறக்கிவிட வேண்டும், அப்போதுதான் ஜனவரி கடைசியில் எடுக்க முடியும். குழுவுக்கு இரண்டு வெள்ளை ட்ரே, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை நான்கு ஜோடி, கம்பூட்ஸ், பென்சில். வலைத்துணியை மட்டும் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே இடத்தில் வாங்கிவிடலாம், கண் அளவு மாறிவிடக் கூடாதே.

அன்புடன்,
பூச்சி எண்ணும் சிலர்,
பெங்களூரு